ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? – வாசகர் கேள்வி பதில்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். என்ஜின் ஆயிலில் கிரேடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வண்டி ஓடிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப்பில் அந்தச் சலுகை கிடையாது. உள்ளே இருக்கும் கிளட்ச் எப்போது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு. கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் கணக்கெல்லாம் அந்தப் பிடியை நம்பித்தான்.

கேள்வி: கடையில் ஏடிஎஃப் என்று கேட்டால் ஏழெட்டு கேன்களை எடுத்து வைக்கிறார்கள். எல்லாமே சிவப்பு. ‘இது எல்லா வண்டிக்கும் போடலாம்’ என்று ஒன்றை நீட்டுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கடைக்குப் போகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டிய விஷயம் இது. வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஆயில், கொள்ளளவு அட்டவணை இருக்கும். கியர் பாக்ஸுக்கு நேரே உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவில் டபிள்யூஎஸ் அல்லது டி-4, ஹோண்டாவில் டிடபிள்யூ-1, ஹூண்டாய், கியாவில் எஸ்பி-3 அல்லது எஸ்பி-4, ஃபோர்டில் மெர்கான் 5 அல்லது மெர்கான் எல்வி என்று இருக்கும். கடைசியில் வரும் அந்த எண்ணும் எழுத்தும்தான் முக்கியம். எஸ்பி-3, எஸ்பி-4 இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரித் தெரிந்தாலும், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது போகக் கூடாது.

கையேடு தொலைந்துபோயிருந்தால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் கைப்பிடியிலேயே ஆயிலின் பெயரைப் பொறித்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். மாடலும் வருடமும் மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில், ஒரே வருடத்தில், பெட்ரோல் வண்டிக்கு ஒரு கியர் பாக்ஸும் டீசலுக்கு வேறொன்றும் வருவது சகஜம்.

பெயர் கையில் இருக்கிறது என்றால் இனி கேனைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அங்கே இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ‘உரிமம் பெற்றது’, ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்பது ஒரு வகை. வண்டி அல்லது கியர் பாக்ஸ் தயாரிப்பாளர் வைத்த சோதனையில் அந்த ஆயில் தேறியிருக்கிறது என்று பொருள். ஜெனரல் மோட்டார்ஸின் ஏடிஎஃப் தரமான டெக்ஸ்ரான் 6-க்கு உரிமம் பெற்ற கேனில் ‘ஜே’ எழுத்தில் தொடங்கும் உரிம எண் அச்சாகியிருக்கும். மெர்சிடஸ் என்றால் 236.14 போன்ற அங்கீகார எண்ணும், இசட்எஃப் கியர் பாக்ஸ் என்றால் டிஇ-எம்எல் 11 பட்டியலும் குறிப்பிடப்பட்டிருக்கும். ‘இந்த வண்டிகளுக்கு ஏற்றது’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்பது இன்னொரு வகை. அது ஆயில் நிறுவனம் தானாகச் சொல்லிக்கொள்வது.

இரண்டாவது வகை என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். டொயோட்டா, ஹோண்டா போன்றவை பொதுவாகத் தங்கள் ஆயிலுக்கு வெளி நிறுவனங்களுக்கு உரிமம் தருவதில்லை. அதனால் நல்ல நிறுவனமும்கூட ‘ஏற்றது’ என்று மட்டும்தான் எழுத முடியும். அந்த மாதிரி இடத்தில் ஆயிலின் தரவுத் தாளை எடுத்து, 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுபிசுப்பு எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று பாருங்கள். பழைய டெக்ஸ்ரான் 3 வகை 7 முதல் 7.5 வரை இருக்கும். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி 6 அளவில் நிற்கும். 10 வேக கியர் பாக்ஸ்களுக்கான, மிக மெல்லிய யுஎல்வி வகை 4.5 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே ஆயில் ஒரே நேரத்தில் 7.5 ஆகவும் 4.5 ஆகவும் இருக்க முடியாது. ஆகவே டெக்ஸ்ரான் 3, டபிள்யூஎஸ், யுஎல்வி, போதாக்குறைக்கு கியரே இல்லாத சிவிடி என்று எல்லாப் பெயரையும் ஒரே கேனில் அடுக்கியிருந்தால், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நெருக்கமான பிசுபிசுப்பு உள்ள நாலைந்து வகைகளுக்கு மட்டும் பொருந்துவதாகச் சொல்லும் கேன் என்றால், பெயருள்ள நிறுவனமாகப் பார்த்து வாங்கலாம். வாரண்டி இருக்கும்வரை அதுவும் வேண்டாம். தயாரிப்பாளரின் ஆயிலையே ஊற்றுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு என்பது வெறும் சாயம். கசிந்தால் என்ஜின் ஆயிலா, கியர் பாக்ஸ் ஆயிலா என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்ப்பது. மெர்சிடஸின் 236.15 வகை நீல நிறத்தில் வருகிறது. நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஆயில்கள் ஒன்றாகிவிடாது.

கேள்வி: என் பழைய வண்டியின் கையேட்டில் டெக்ஸ்ரான் 3 என்று இருக்கிறது. கடையில் டெக்ஸ்ரான் 6 தான் இருக்கிறதாம். ஊற்றலாமா?

பதில்: டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் பெயர். 2005-ல் டெக்ஸ்ரான் 6 வந்தது. 2006 இறுதியோடு டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் தருவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ‘டெக்ஸ்ரான் 3’ என்று விற்கும் எந்தக் கேனுக்குப் பின்னாலும் ஜெனரல் மோட்டார்ஸின் சோதனை கிடையாது. சிலது நல்ல ஆயிலாகவே இருக்கும், சிலது இருக்காது.

உங்கள் வண்டி ஜெனரல் மோட்டார்ஸ் கியர் பாக்ஸ் கொண்டதென்றால், உரிம எண் உள்ள டெக்ஸ்ரான் 6 தாராளமாகப் போடலாம். பழையதற்கு மாற்றாகத்தான் அதை வடிவமைத்தார்கள். புதிதாக இருக்கும்போது டெக்ஸ்ரான் 3-ஐ விட மெல்லியது என்பது உண்மைதான். ஆனால் டெக்ஸ்ரான் 3 ஓட ஓடத் தன் பிசுபிசுப்பைக் கணிசமாக இழந்துவிடும். டெக்ஸ்ரான் 6 கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். வேறு நிறுவன வண்டியில் டெக்ஸ்ரான் 3 எழுதியிருந்தால், அந்த நிறுவனம் இப்போது எதைப் பரிந்துரைக்கிறது என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். மெர்கான் 5 கேட்கும் ஃபோர்டில் டெக்ஸ்ரான் 6 கூடாது.

தலைகீழாக, டெக்ஸ்ரான் 6 கேட்கும் கியர் பாக்ஸில் டெக்ஸ்ரான் 3 ஒருபோதும் வேண்டாம். டொயோட்டாவின் டி-4, டபிள்யூஎஸ் இரண்டுக்கும் இதைவிடக் கண்டிப்பு. டபிள்யூஎஸ் மெல்லியது, டி-4 தடித்தது. எந்தப் பக்கமும் மாற்றக் கூடாது.

கேள்வி: 60 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி போகும்போது ஒரு சில விநாடி வண்டி நடுங்குகிறது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக் மாற்றினார், பலனில்லை. கியர் பாக்ஸ் ஆயில் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 50 முதல் 80 கி.மீ. வேகத்துக்குள், லேசான மிதிப்பில், சாலையோரத்து எச்சரிக்கைக் கோடுகள் மேல் டயர் ஏறியது போல ‘தடதட’வென்று இரண்டு மூன்று விநாடி நடுங்கி நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது என்ஜினின் இழுவையை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச்சைத்தான்.

அந்தக் கிளட்ச் வேகமெடுத்த பிறகு என்ஜினையும் கியர் பாக்ஸையும் நேரடியாக இணைத்து எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. இன்றைய வண்டிகளில் அதை முழுதாக இறுக்காமல், சில பத்து ஆர்பிஎம் வித்தியாசத்தில் வேண்டுமென்றே வழுக்கவிட்டும் ஓட்டுகிறார்கள். இப்படி வழுக்கும் கிளட்ச் நடுங்காமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு: இரு தட்டுகளுக்கு இடையே வேக வித்தியாசம் குறையக் குறைய உராய்வும் குறைய வேண்டும். அது கூடினால் தட்டுகள் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த ஒட்டல், விடுதல்தான் உங்கள் கைக்கு நடுக்கமாக வருகிறது. அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது ஏடிஎஃப்பில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள். சூட்டில் அவை தீர்ந்துபோகும். தவறான ஆயிலில் முதலிலிருந்தே வேறு அளவில் இருக்கும். ஃபோர்டின் பழைய டைப்-எஃப் ஆயிலில் இந்த உராய்வு மாற்றிகளே கிடையாது. அதை டெக்ஸ்ரான் கேட்கும் வண்டியில் ஊற்றினால் ஒவ்வொரு கியரும் அடித்துக்கொண்டு விழும்.

நடுக்கம் என்ஜினிலிருந்தா, கன்வெர்ட்டரிலிருந்தா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. காலியான, நேரான சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, நடுக்கம் தொடங்கியதும் ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் வேலை செய்தவுடன் கம்ப்யூட்டர் லாக்-அப் கிளட்ச்சை விடுவித்துவிடும். ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் கன்வெர்ட்டர்தான். நிற்காமல் தொடர்ந்தால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது இன்னும் மோசமானால், என்ஜின் மிஸ் ஆகிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் பி0741 என்ற பிழைக் குறியீடு இருந்தால் அது லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதைக் குறிக்கும்.

கன்வெர்ட்டர் என்று தெரிந்தால், முதல் செலவு கன்வெர்ட்டர் மாற்றுவதாக இருக்க வேண்டாம். சரியான வகை ஆயிலை இரண்டு மூன்று தவணையாக மாற்றிவிட்டு, ஸ்கேனரில் கியர் பாக்ஸின் கற்றல் மதிப்புகளை (கம்ப்யூட்டர் ஓட ஓடக் கற்றுச் சேமித்த கணக்கு) அழித்து, புதிதாகக் கற்கவிடுங்கள். நடுக்கம் புதிதாகத் தொடங்கியதென்றால் பெரும்பாலும் இதிலேயே அடங்கும். பல மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் கிளட்ச்சின் உராய்வுப் பூச்சு கருகி வழவழப்பாகியிருக்கும். அதற்கு ஆயில் மருந்தாகாது.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி, மகனுடையது சிவிடி, அண்ணன் வண்டி டிசிடி. எல்லாமே ஆட்டோமேட்டிக்தானே, மூன்றுக்கும் ஏடிஎஃப் தானே?

பதில்: மூன்றில் ஒன்றுக்குக்கூட சாதாரண ஏடிஎஃப் கிடையாது. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதிகச் செலவு வைக்கும் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

உங்கள் ஏஎம்டியில் இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் ஓர் இயந்திரம் செய்கிறது. ஆகவே உள்ளே மேனுவல் கியர் ஆயில், பெரும்பாலும் ஜிஎல்-4 தரத்தில். கையேடு ஜிஎல்-4 என்று சொல்லும் இடத்தில், இன்னும் உயர்ந்தது என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும், கியர் விழுவதும் கடினமாகும். ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள ஏஎம்டியில் தனியாக ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும். அதற்கு வேறு ஹைட்ராலிக் ஆயில். மூடி பிரேக் ஆயில் டப்பா மாதிரி இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

மகனுடைய சிவிடியில் கியரே இல்லை. இரண்டு கப்பிகள், நடுவில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகள் கோத்த ஒரு பெல்ட். எஃகு எஃகைப் பிடித்துக்கொண்டுதான் முழு இழுவையும் சக்கரத்துக்குப் போகிறது. ஏடிஎஃப் வடிவமைக்கப்பட்டது காகித இழை ஒட்டிய கிளட்ச் தட்டும் எஃகுத் தட்டும் மெதுவாகப் பிடிப்பதற்கு. சிவிடி ஆயில் எஃகும் எஃகும் வழுக்காமல் பிடிக்க, அதே சமயம் தேயாமல் இருக்க. அதில் ஏடிஎஃப் போனால் பெல்ட் கப்பியின் மேல் வழுக்கும். ஒரே ஒரு பலமான வழுக்கல் போதும், கப்பியின் முகத்தில் கோடு விழுந்துவிடும். அந்தக் கோடு அடுத்து பெல்ட்டைத் தின்னும். பிறகு சரியான ஆயில் ஊற்றினாலும் கோடு மறையாது. சிவிடிக்குள்ளும் வகைகள் இருக்கின்றன: நிஸானில் என்எஸ்-2, என்எஸ்-3, ஹோண்டாவில் எச்எம்எம்எஃப், பிறகு வந்த எச்சிஎஃப்-2. ஹோண்டாவின் அந்த இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்றை ஊற்றக் கூடாது. சுபாருவில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அதற்குத் தனி ஆயில்.

அண்ணன் வண்டியின் டிசிடியில் (இரண்டு கிளட்ச் உள்ள கியர் பாக்ஸ்) முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கிளட்ச் ஆயிலில் மூழ்கியதா, உலர் கிளட்ச்சா என்பது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 6 வேக டிக்யூ250 மூழ்கிய வகை. அதற்கு டிஎஸ்ஜி (டிசிடிக்கு அந்தக் குழுமம் வைத்த பெயர்) ஆயில் சுமார் 5 லிட்டர், கூடவே ஃபில்டர், 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. 7 வேக டிக்யூ200 உலர் வகை. அதில் கியர்களுக்கு ஓர் ஆயில், மெக்கட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இன்னோர் ஆயில், இரண்டும் தனித்தனி அறைகளில். வண்டியின் பெயர் ஒன்றாகவே இருக்கும்; உள்ளே எது என்பதை கியர் பாக்ஸின் குறியீட்டு எண் மட்டுமே சொல்லும்.

கேள்வி: என் ஹைபிரிட் காரின் விவரத்தில் ‘இ-சிவிடி’ என்று இருக்கிறது. அப்படியானால் சிவிடி ஆயில்தானே?

பதில்: இல்லை. டொயோட்டா பாணி ஹைபிரிட்டில் பெல்ட்டும் கிடையாது, கப்பியும் கிடையாது. ஒரு கோள்பல்சக்கர அமைப்பும் இரண்டு மோட்டார்களும்தான் வேகத்தைச் சரிசெய்கின்றன. பல மாடல்களுக்கு டபிள்யூஎஸ் ஏடிஎஃப்பே போதுமானது. புதிய மாடல்கள் சிலவற்றுக்குத் தனி ஆயில் வந்திருப்பதால் கையேட்டைப் பாருங்கள். மோட்டாரின் செம்புச் சுருள்கள் மேல் இந்த ஆயில் படுகிறது. அது மின்சாரம் கடத்தாமலும் செம்பை அரிக்காமலும் இருக்க வேண்டும். எனவே பெயர் தெரியாத கேனுக்கு இங்கே இடமே இல்லை. டார்க் கன்வெர்ட்டர் இல்லாததால் ஒருமுறை வடித்தாலே பழைய ஆயில் பெரும்பகுதி வந்துவிடும். பொதுவாக 3 முதல் 4 லிட்டர். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஃபில் ஓட்டையின் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் அளவு சரி.

கேள்வி: ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று கையேடு சொல்கிறது. உண்மையா?

பதில்: பி.எம்.டபிள்யூ உட்படப் பலருக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது அதிகபட்சம் 8 ஆண்டில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர் பாக்ஸ் செய்தவரின் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலிலேயே ஓடும் வண்டி, மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது என்றால் 60,000 கி.மீ. நல்ல இடைவெளி. பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நூலளவு துல்லியமான கணக்கில்லை என்றாலும், போகும் திசை சரி.

கேள்வி: வீட்டிலேயே மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். கையேட்டில் 8 லிட்டர் என்று இருக்கிறது, ஆனால் வடித்தால் 3 லிட்டர்தான் வருகிறது. மீதி எங்கே? அளவை எப்படிப் பார்ப்பது? டிப்ஸ்டிக்கும் இல்லை.

பதில்: மீதி டார்க் கன்வெர்ட்டரிலும், கூலர் குழாய்களிலும், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் கால்வாய்களிலும் இருக்கிறது. டிரெயின் பிளக்கைக் கழற்றினால் அடித்தொட்டியான ஆயில் பானில் உள்ளது மட்டும்தான் இறங்கும். 8-ல் 3 லிட்டர் மாற்றினால் உள்ளே 37.5 சதவீதம்தான் புதியது. கொஞ்ச தூரம் ஓட்டிக் கலக்கவிட்டு இன்னொரு 3 லிட்டர் மாற்றினால் 61 சதவீதம், மூன்றாம் முறை 76. வீட்டில் செய்பவர்களுக்கு இந்தத் தவணை முறைதான் எங்கள் பரிந்துரை. ஒவ்வொன்றுக்கும் இடையே 300 முதல் 500 கி.மீ. ஓடட்டும்.

டிரெயின் பிளக்கில் கை வைக்கும் முன் ஆயில் ஊற்றும் ஓட்டையின் ஃபில் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஃபில் பிளக் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். கியர் பாக்ஸின் பிளக்தானா என்பதையும் இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். என்ஜின் ஆயில் என்று நினைத்து கியர் பாக்ஸ் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் இரட்டிப்பு ஆயில் ஊற்றிவிடும் விபத்து பழகிய கைகளுக்கும் நேர்கிறது. வண்டியைச் சமமாகத் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்.

வடிந்த ஆயிலை அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் பிடித்து, எத்தனை மில்லி என்று எழுதிவையுங்கள். அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அளப்பது நல்லது. பானைக் கழற்றினால் அடியில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மை போல ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நகத்தில் சிக்கும் செதில்கள், ஊசித் துண்டுகள், பித்தளை மின்னல் தெரிந்தால் ஏதோ ஒரு பேரிங்கோ புஷ்ஷோ போய்க்கொண்டிருக்கிறது. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் கழுத்து ரப்பர் உள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் புதியதைச் செருகினால் பம்ப் காற்றை உறிஞ்சும். டிரெயின் பிளக் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பிளாஸ்டிக் பான் என்றால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் போல்ட் முடுக்க வேண்டாம், விரிசல் விடும். அந்த வகையில் ஃபில்டர் பானோடு சேர்ந்தே வருவதால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றுங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மாற்றுங்கள்.

இனி வெப்பநிலை. ஆயில் சூட்டில் விரியும். 8 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 350 மில்லி கூடிவிடும். அதனால்தான் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்கச் சொல்கிறார்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் ஸ்கேனரை மாட்டி, ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே, என்ஜின் ஐடிலில் ஓடும்போது லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். பல கியர் பாக்ஸ்களுக்கு இந்த எல்லை 35 முதல் 45 டிகிரி வரை. உங்களுடையதற்குக் கையேட்டில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக, மெல்லிய கம்பியாக வழிந்தால் அளவு சரி. ஒன்றுமே வரவில்லையென்றால் குறைவு. தாரையாகக் கொட்டினால் அது சொட்டாகும்வரை விடுங்கள். சூடு எல்லையைத் தாண்டிவிட்டால் ஆறவிட்டு மறுபடி பார்ப்பதைத் தவிர வழியில்லை. டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் என்ஜின் ஓட, பி நிலையில், ‘ஹாட்’ கோட்டுக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் மட்டும் சூடானபின் என்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள்.

அரை லிட்டர் கூடினால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது. கிளட்ச் வழுக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் கக்கும். குறைந்தாலும் முடிவு அதேதான். வளைவில் திரும்பும்போதும் மேட்டிலும் பம்ப் காற்றை இழுத்து, ‘டி’ போட்டதும் வண்டி நகரத் தயங்கும்.

கேள்வி: ஆயில் ரோஜா நிறத்தில் பால் மாதிரி இருக்கிறது. மாற்றினால் போதுமா?

பதில்: வண்டியை இன்றே நிறுத்துங்கள். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். ரேடியேட்டரை மாற்றி, கூலர் குழாய்களைக் கழுவி, அதன் பிறகே ஆயிலைப் பலமுறை மாற்ற வேண்டும். கலந்தபடியே சில நூறு கி.மீ. ஓடியிருந்தால் கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

மற்ற நேரங்களில் ஆயிலின் நிலையை அறிய, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பழுப்பாக இருந்தாலும் சீராகப் பரவினால் வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும், அவ்வளவே. நடுவில் கறுப்பு வட்டம் நின்று, ஓரம் மட்டும் பரவி, கருகிய வாடையும் அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது.

கேள்வி: 1,50,000 கி.மீ. ஓடிய வண்டி. ஆயில் மாற்றியதே இல்லை. ‘இப்போது தொட்டால் கியர் பாக்ஸ் போய்விடும்’ என்கிறார்கள்.

பதில்: புது ஆயில் நல்ல கிளட்ச்சைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் கியர் பாக்ஸ் நின்றால் பழி ஆயிலுக்குப் போகிறது. உண்மையான ஆபத்து மெஷினால் அழுத்திக் கழுவுவதில் இருக்கிறது. படிந்துகிடக்கும் கசடு கிளம்பி வால்வ் பாடியில் அடைத்துக்கொள்ளும்.

முதலில் காலையில் குளிர்ந்த வண்டியில் ‘டி’ போட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் தாமதித்தாலோ, கியர் மாறும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி இழுக்காமல் போனாலோ, பிரச்சினை ஆயிலைத் தாண்டிவிட்டது. இவை இல்லையென்றால் மெஷின் வேண்டாம். ஃபில்டரோடு சேர்த்து மேலே சொன்ன தவணை முறையில் மாற்றுங்கள். ‘ஸ்லிப் நிறுத்தும்’ பாட்டில் மருந்துகளை வாங்காதீர்கள். பலவற்றில் இருப்பது ரப்பர் சீலை ஊதவைக்கும் வேதிப்பொருள். ஊதிய சீல் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு அரை லிட்டர் வேறு பிராண்டு கலக்கலாமா?

பதில்: ஒரே தர அங்கீகாரம் உள்ள ஆயில் என்றால் எந்த பிராண்டும் கலக்கலாம். ஆனால் ஏடிஎஃப் எரிந்து குறைவதில்லை. அரை லிட்டர் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ஆக்ஸில் சீல், கூலர் குழாய் இணைப்பு, பான் கேஸ்கெட் மூன்றையும் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

கேள்வி: தவறான ஆயிலை ஊற்றிவிட்டேன். வண்டியை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

பதில்: ஸ்டார்ட் செய்யாததுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஊற்றியது பெரும்பாலும் இன்னும் பானில்தான் கிடக்கிறது. டிரெயின் பிளக்கைத் திறந்து முழுதும் வடியவிட்டு, அரை லிட்டர் சரியான ஆயிலை ஊற்றி அதையும் வடியவிட்டு, பிறகு நிரப்புங்கள். பிரேக் ஆயிலோ கூலன்ட்டோ போயிருந்தால் பானைக் கழற்றித் துடைத்து ஃபில்டரையும் மாற்றுங்கள். சாவியை அதுவரை வண்டியில் வைக்கவே வேண்டாம்.

ஓட்டிவிட்டவர்களுக்கு: வேறு வகை ஏடிஎஃப் என்றால் இரண்டு மூன்று தவணை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை மேடும் வேகமும் தவிருங்கள். சிவிடியில் ஏடிஎஃப் போட்டு ஓட்டியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட மேலே ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.